பழைய குட்டியானை வாங்கப் போகும் தம்பிக்கு

திருவண்ணாமலையில் சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கிறவனுக்கு மாதம் முழுக்க ஒரே சீராக வருமானம் வராது. பௌர்ணமியை ஒட்டிய நாட்கள், முகூர்த்த நாட்கள், கார்த்திகை தீபத்தின் பத்து நாட்கள், இவைதான் நம் ஓட்டம். அன்னதான அரிசி, காய்கறி, தண்ணீர் கேன், பந்தல் சாமான், பூ எல்லாம் அப்போதுதான் ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்து வண்டி மெக்கானிக் கொட்டகையில் நின்றுவிட்டால் அந்த மாதத்து டியூவும் நின்றுவிடும். அதனால் பழைய வண்டியை வாங்குவதாக இருந்தாலும், பராமரிப்பதாக இருந்தாலும், அதற்கு மேல் ஏதாவது மாட்டுவதாக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்ள வேண்டும்: வேலை இருக்கிற நாளில் வண்டி கிளம்புமா? இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் வேலையை முடிவு செய், வண்டியைப் பிறகு தேடு

டாடா ஏஸ் 2005-இல் வந்தது. நம் ஜனம் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. பழைய டீசல் ஏஸுக்கு 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை என்றால் பதினைந்து, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை என்றால் முப்பது. மாடவீதியைச் சுற்றியுள்ள சந்துகளில் நுழைந்து திரும்ப இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறுவதும், ராத்திரி கோயம்பேட்டுக்குக் காய்கறி கொண்டுபோவதும் உன் வேலை என்றால் பழைய ஏஸ் திணறும். 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றே கால் டன் தாங்கும். பொலேரோ பிக்கப் இன்னும் கொஞ்சம் முரட்டு வண்டி. மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. பூவுக்கும் சமையல் ஆர்டருக்கும் அது கைக்கு அடக்கமாக இருக்கும், மூட்டைக்கு ஆகாது.

ஆர்.சி.யில் மொத்த எடையைப் பார். சரக்கு ஏற்றிய நிலையில் மொத்தம் 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் அந்தச் செலவும் அலைச்சலும் தனி.

2. பேப்பரைப் பார்த்த பிறகே எஞ்சினைப் பார்

நிறைய பேர் பானெட்டையும் சீட்டையும் தூக்கிப் பார்ப்பதிலேயே நேரத்தைப் போக்குகிறார்கள். எஞ்சின் கெட்டால் மெக்கானிக் சரி செய்வார். பேப்பர் கெட்டால் யார் சரி செய்வார்?

ஆர்.சி.யில் இருக்கிற பெயர்க்காரரை நேரில் பார். புரோக்கரிடம் மட்டும் பேசி முடிக்காதே. சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியிலிருந்து நீயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடு. சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால், வெல்டிங் வைத்து மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆர்.சி.யில் எச்.பி. (கடன் அடமானப் பதிவு) இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதே. “டியூ முடிஞ்சுது, லெட்டர் அடுத்த வாரம் வரும்” என்று யார் சொன்னாலும் மீதிப் பணமும் அடுத்த வாரமே வரும் என்று சொல்லிவிடு.

படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டு வைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பெயர் மாற்றாமலே வண்டி நாலு கை மாறுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் விற்கிறவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்குகிறவர் முப்பது நாளுக்குள்ளும் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸை உன் பெயருக்கு மாற்றக் கேட்க உனக்குப் பதினான்கு நாள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. விற்கிறவனுக்கும் இது ஆபத்து, வாங்குகிற உனக்கும் ஆபத்து. பெயர் மாறாத வண்டியை வைத்துக் கடன் வாங்க முடியாது, முறையாக விற்கவும் முடியாது.

எஃப்.சி. கணக்கைத் தெரிந்துகொண்டு விலை பேசு. எட்டு வருஷம் ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினால் போதும். அதற்குப் பிறகு வருஷா வருஷம். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயின்ட், டிங்கரிங், பிரேக், லைட் என்று ஒரு தொகை போகும். ஆகவே ஏழரை வருஷ வண்டியும் ஐந்து வருஷ வண்டியும் பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் விலையில் ஒன்றாக இருக்கக் கூடாது. பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, அபராதப் பாக்கி எல்லாம் வந்துவிடும். பத்து நிமிஷ வேலை.

லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-இல் சொன்னதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. தனியாக பேட்ஜ் வாங்கினால்தான் ஆச்சு என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதே.

3. தண்ணீரில் மூழ்கிய வண்டியை அடையாளம் காணக் கற்றுக்கொள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையே சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போனது. அதே நாட்களில் சாத்தனூர் அணை திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை ஓரம் விழுப்புரம், கடலூர் வரைக்கும் ஊர்களுக்குள் புகுந்தது. சென்னையில் 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்தில்தான் வெள்ளம் வந்தது. இப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து, புது சீட் கவர் போட்டு, சில மாதம் கழித்து மலிவாகச் சந்தைக்கு வரும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேறு ஏறிய கோடு அங்கே இருக்கும். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பச்சைப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா பார். ஹெட்லைட் கண்ணாடிக்குள் வண்டல், சீட் ரெயில் திருகாணிகளில் துரு, மிதியடிக்குக் கீழே ஊறிய வாடை, இவையும் காட்டிக்கொடுக்கும். கியர் பாக்ஸ், டிபரன்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பார். பால் நிறமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடு. காமன் ரெயில் எஞ்சினும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலும் உள்ள வண்டி மூழ்கியிருந்தால், அரை விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

4. குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும்

விற்கிறவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் விடியற்காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா. பழைய ஏஸில் ஹீட்டர் பிளக் போனாலும், கம்ப்ரஷன் குறைந்தாலும் காலையில்தான் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை நிற்காமல் வந்தால் ஏர் பில்டரும் பம்பும் நாசிலும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை நின்றுபோகாமல் தொடர்ந்து, ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கட். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பேக் கம்ப்ரஷன் எவ்வளவு என்று கைக்கே தெரியும்.

பிறகு பாய் போட்டுக் கீழே படு. கடற்கரைப் பக்கம் மீன் ஏற்றி ஓடிய வண்டியின் சேஸை உப்புத்தண்ணீர் தின்றிருக்கும். மேலே பளபளப்பான பெயின்டைப் பார்த்து ஏமாறாதே. சேஸில் ஒட்டு வெல்டிங், கமான் பட்டையில் விரிசல், கிங்பின் ஆட்டம் மூன்றையும் கையால் தொட்டுப் பார். உனக்கு இதெல்லாம் இன்னும் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போ. விற்கிறவருக்குத் தெரிந்த மெக்கானிக்காக அவர் இருக்கக் கூடாது.

5. வாங்கியதும் பெயின்ட் அடிக்காதே

கையில் இருக்கிற முழுப்பணத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதே. விலையில் ஐந்தில் ஒரு பங்காவது தனியாக வைத்திரு. வந்த முதல் வாரத்தில் எஞ்சின், கியர், டிபரன்ஷியல் ஆயில்கள், எல்லா பில்டரும், பிரேக் ஆயில், கூலன்ட், பேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்று. முந்தைய ஓனர் போன மாதம்தான் மாற்றினார் என்று சொல்லியிருந்தாலும் மாற்று. அன்றைய கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுது. அந்த வண்டியின் கணக்கு அன்றிலிருந்துதான் உனக்குத் தெரியும்.

நான்கு டயரில் எது மொட்டையோ அதை மாற்று. முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் போடாதே. அம்மன் படமும் ஸ்டிக்கரும் முதல் தீபம் ஓட்டிய வருமானத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

6. சர்வீஸுக்குப் பஞ்சாங்கம் பார்

இதை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல மாட்டேன், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் வண்டியைக் கொட்டகையில் விடு. அப்போது மெக்கானிக்குக்கும் அவசரம் இருக்காது, உனக்கும் நஷ்டம் இருக்காது. ஸ்பேர் பார்ட் வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டியிருந்தாலும் அடுத்த வளர்பிறைக்குள் வந்துவிடும். பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால், எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், பாரம் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார். கிளட்ச் வழுக்குகிறதா, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று காலி வண்டியில் தெரியாது.

தீபம் வருவது அடைமழைக் காலத்தில். ஆகவே புரட்டாசியிலேயே வைப்பர் பிளேட், லைட், ஒயரிங் ஜாயின்ட், பேட்டரி டெர்மினல், தார்ப்பாய்க் கிழிசல் எல்லாவற்றையும் பார்த்து முடி. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும். எஃப்.சி. கார்த்திகையில் முடிகிறது என்றால் ஐப்பசிக்குள் காட்டிவிடு. தீபத்துக்குக் கொடியேறிய பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் பெயின்ட் ஷெட்டுக்கும் அலைந்தால் பத்து நாள் ஓட்டத்தில் பாதி போய்விடும்.

செங்கம், தண்டராம்பட்டு பக்கம் குவாரி ஜல்லித் தூசியில் ஓடுகிறவன் ஏர் பில்டரை கம்பெனி புத்தகம் சொல்கிற கிலோமீட்டர் வரை விட்டுவைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

7. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதே

நம் பக்கத்துப் பாறைத் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும். ரேடியேட்டருக்குள்ளும் அப்படித்தான் படியும். கூலன்ட் மட்டும்தான். பழைய ஏஸில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் அது சூடேறினால் ஹெட் கேஸ்கட் போகும், உன் உடம்பும் கெடும்.

8. கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் பாரம் தாங்காது

கமானில் ஒரு பட்டை சேர்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக். ஆக்சில், சேஸ், கிளட்ச் எல்லாம் அதே. 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுகிறவர்களைத் தினம் பார்க்கிறோம். பிடிபட்டால் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைவிட, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது பெடல் அடிவரை போவதுதான் எனக்குப் பயம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. நியூட்ரலில் விட்டு மிச்சப்படுத்தும் டீசல் நமக்கு வேண்டாம்.

9. எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது

முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப், ரிவர்ஸ் லைட், தரைக்கு ரப்பர் மேட், கயிறு கட்ட நல்ல கொக்கி, கழற்றி மாட்டும் தட்டு, தீயணைப்பான், இதற்கெல்லாம் தாராளமாகச் செலவு செய். பூ ஏற்றினால் தரையில் தண்ணீர் வடியும் துளைகளை அடைபடாமல் பார்த்துக்கொள். ஈரச்சாக்குதான் பாடியின் எமன். எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. பார், ஏர் ஹார்ன், பாடியை உயர்த்துவது, நீட்டுவது எதுவும் வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. எஃப்.சி.யிலும் நிற்கும், விபத்தானால் இன்சூரன்ஸிலும் நிற்கும்.

பெரிய வண்டிக்கு மாறுவது வேறு விஷயம், அப்போது இதைக் கவனி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6. அந்த டீசல் வண்டிகளில் பலவற்றில் புகை வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தால் உடனே நெடுஞ்சாலையில் விட்டு ஓட்ட வேண்டும். அதை வெட்டி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாதே.

10. சரக்கு வண்டியில் ஆளை ஏற்றாதே

இதைக் கடைசியாகச் சொல்வது, நீ மறக்கக் கூடாது என்பதற்காக. பௌர்ணமி ராத்திரி கிரிவலம் முடித்தவர்கள் கால் வலியோடு கை காட்டுவார்கள். கல்யாண வீட்டில் முப்பது பேரைத் தொட்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள், மறுக்க மனசு வராது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கிடையாது என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட வந்தால் அது வேறு. மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் நஷ்டஈடு உன் வீட்டையும் வண்டியையும் விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். அது பணக்கணக்கு. திறந்த தொட்டியில் குழந்தைகளோடு கவிழ்ந்த வண்டிகளின் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். யார் கேட்டாலும் முடியாது என்று சொல். வேன் ஸ்டாண்டில் பயணிகள் வண்டி இருக்கிறது, போன் நம்பரை நீயே கொடு.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனங்கள் வெறுங்காலோடு, பாதி தூக்கத்தில், மலையைப் பார்த்தபடி நடக்கிறார்கள். வண்டிகளுக்குத் தடை இல்லாத நாளில்கூட ராத்திரி அந்தப் பக்கம் போனால் இருபதுக்கு மேல் ஓட்டாதே, ஹார்ன் அடித்து அவர்களை விலக்காதே. தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிப் படுத்துவிடு. சரக்குக்காரரிடம் விடிந்ததும் பேசிக்கொள்ளலாம்.