கையசைவே சாவி

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதையில் அமைந்த ஊர் அரக்கோணம். அத்தகைய சந்திப்பு நிலையங்களில் பணியாற்றியோர்க்குக் கைக்கடிகாரம் அணிகலன் அன்று, பணிக்கருவி.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் பெங்களூருவில் எச்.எம்.டி. கடிகார உற்பத்தி தொடங்கிற்று. அதன் ‘ஜனதா’வுக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். ‘காஞ்சன்’ தானியங்கி வகை. கை வீசும்போது உள்ளிருக்கும் அரைவட்ட எடைத்தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். வில் நிறைந்தபின் அதன் வெளிமுனை உறைச்சுவரில் வழுக்கிவிடுமாதலால் மிகையாய் முறுக்கேறி அறுந்துவிடுமோ என்னும் அச்சம் வேண்டுவதில்லை.

நடைமேடையில் நாளெல்லாம் நடந்தவர் ஓய்வுபெற்றுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்ததும் இக்கடிகாரம் அடிக்கடி நின்றுபோவதுண்டு. பலரும் அதைப் பழுதென்றே கருதிக் கடைக்கு எடுத்துச் செல்வர். குறைந்தது கையசைவுதான்! திருகுகுமிழால் சாவி கொடுக்கும் வசதியிருப்பின், கையிலிருந்து கழற்றிவிட்டு இருபது சுற்று மெல்லத் திருகினால் போதும். கட்டியபடியே திருகினால் குமிழின் தண்டு வளையக்கூடும். ஒலிபெருக்கியின் அருகில் வைத்தலும் ஆகாது; மயிரிழைச் சுருளில் காந்தமேறினால் கடிகாரம் விரைந்தோடும்.

உள்ளிருக்கும் எண்ணெய் நாளடைவில் உலர்வதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் பிரித்துத் துடைத்து எண்ணெயிடல் வேண்டும். 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட நடுவணரசு ஒப்புதல் அளித்தபின், பழைய கடிகாரங்களின் உறுப்புகளைப் பழுதுபார்ப்போர் வேறு பழங்கடிகாரங்களிலிருந்தே எடுத்துப் பொருத்துகின்றனர்.