படத்தில் இல்லாத ஆள்

அன்புள்ள தங்கைக்கு,

சினிமாக் காட்சி போல ஒரே ஒரு புகைப்படத்தைக் குழுவாகச் செய்ய வேண்டும் என்றதும், விளக்கும் புகை இயந்திரமும் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று தேடப் போய்விடாதே. ஒரு படத்தைச் சினிமாவாக்குவது அதில் தெரியாத ஆள்தான் என்பது என் உறுதியான எண்ணம். சான்று உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1893இல் 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியத்தைத் தம் மகளையே நிற்கவைத்து வரைந்தார். கையில் குழந்தையுடன் தாய், அருகே நாய். அப்பா படத்தில் இல்லை. தாயின் பார்வை போகும் திசையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். சற்றுமுன் நடந்ததும் இனி நடக்கப்போவதும் அந்த ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே வெளியே இருப்பது யார் என்பதைத்தான் உங்கள் குழு முதலில் பேசி முடிக்க வேண்டும். வாசலில் நிற்கும் பெண் பார்ப்பது கடன்காரரையா, ஊரிலிருந்து திரும்பும் அண்ணனையா? அது தெரிந்தால் அவள் கை கதவை எப்படிப் பிடிக்கும், செருப்பு எங்கே கிடக்கும் என்பதெல்லாம் தானே அமையும். தெரியாவிட்டால் எவ்வளவு பொருள் வைத்தாலும் அது கடைக் கண்ணாடி அலங்காரம்தான். படம் எடுக்கும்போது உங்களில் ஒருவர் அந்தத் திசையில் போய் நில்லுங்கள். வெற்றிடத்தைப் பார்க்கும் கண்ணும் ஆளைப் பார்க்கும் கண்ணும் ஒன்றல்ல.

ஜோடித்து எடுத்தால் பொய்யாகாதா என்று கேட்பார்கள். பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலாவும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை செய்த புகைப்பட வரிசையில், ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாகப் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார். மூல ஓவியம் எது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஜோடித்ததை நேரில் கண்டதாகக் காட்டினால்தான் பொய். படம் யார் பெயரில் வரும் என்ற இன்னொரு கேள்விக்கும் அந்த வரிசை விடை தருகிறது: கேமராவுக்கு முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் இருவர் பெயரும் அதில் உண்டு. மாறாக, ரவிவர்மாவோடு கூடவே உழைத்த தம்பி ராஜராஜ வர்மா தாமும் தேர்ந்த ஓவியர். அவரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? துணி தேடியவர், விளக்கைப் பிடித்தவர் உட்பட எல்லோர் பெயரையும் எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பலர் கூடினால் படம் கெடும் என்பது பாதி உண்மை. திட்டமிடும்வரை எல்லோரும் சண்டை போடலாம், போட வேண்டும். எடுக்கும் நேரத்தில் ஒருவர் சொல்தான் நடக்க வேண்டும்.

பணமில்லை என்பது பெரிய தடையல்ல. அந்தி வானத்தின் நீலமும் உள்ளே எரியும் மஞ்சள் பல்பும் போதும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் அந்தி நீளாது. திருவனந்தபுரத்தில் சூரியன் மறைந்தபின் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஒத்திகையைப் பகலிலேயே முடித்து, நிற்கும் இடங்களைத் தரையில் குறித்து, கேமராவை முக்காலியில் பூட்டிவிட்டால், அந்த நேரம் முழுவதையும் நடிப்பவரின் முகத்துக்குக் கொடுக்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்