கமிட் ஆன பிறகும் காணாமல் போன புத்தகம்

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் நூலகத்துக்காக நீ பைத்தானில் எழுதிவரும் இரவல் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு புத்தகம் இரவல் போகும்போது அந்த நிரலுக்கு இரண்டு வேலை. புத்தகம் என்ற ஆப்ஜெக்டில் ‘வெளியே போயிருக்கிறது’ என்று குறிக்க வேண்டும். வாங்கிப்போன உறுப்பினரின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். முதல் வேலை முடிந்த கையோடு கரண்ட் போய்விட்டால்? பதிவேட்டின்படி புத்தகம் அலமாரியிலும் இல்லை, யார் கையிலும் இல்லை.

நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடந்திருக்கக் கூடாது. இதற்குத்தான் டிரான்ஸாக்ஷன். அந்தக் கருத்தை 1981-ல் ஒரு கட்டுரையில் தெளிவாக விளக்கிய அமெரிக்கர் ஜிம் கிரே, 1998-ல் டூரிங் விருது பெற்றார்.

ஆப்ஜெக்டை ஆப்ஜெக்டாகவே சேமிக்க பைத்தானில் ஒரு நல்ல கருவி உண்டு: ஜிம் ஃபுல்டன் உருவாக்கிய ஸோப் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். பிளோன் என்ற இணையதள மென்பொருள் இதன்மேல்தான் நிற்கிறது. டேபிள் வேண்டாம், எஸ்க்யூஎல் வேண்டாம். ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற தாய் வகுப்பிலிருந்து உன் வகுப்பை எழுதி, ஆப்ஜெக்டை டேட்டாபேஸின் ‘ரூட்’டில் கோத்துவிட்டு, கமிட் ஃபங்ஷனை அழைத்தால் கோப்பில் ஏறிவிடும்.

ஏறும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. இந்த டேட்டாபேஸின் வழக்கமான கோப்புச் சேமிப்பில் பழைய பதிவின்மேல் எதுவும் எழுதப்படுவதில்லை. புதியது எப்போதும் கோப்பின் கடைசியில்தான் சேரும். ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனின் தலைப்பிலும் 8 பைட்டில் அடையாள எண், 8 பைட்டில் நீளம், அடுத்த ஒரே பைட்டில் நிலை. எழுதும்போது அந்த நிலை பைட்டில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எல்லாம் எழுதி முடிந்த பிறகு, நிரல் திரும்பி வந்து அதை வெறும் இடைவெளியாக மாற்றி, வட்டில் உறுதியாகப் பதியச் சொல்லும். நடுவில் கரண்ட் போனால் ‘சி’ அப்படியே நிற்கும். அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது அந்த வால்பகுதி வெட்டப்பட்டுவிடும். உன் இரவல் நடந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு பைட்!

இவ்வளவு கவனமான கருவியும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்கள் விழுவதும் அங்கேதான். ஆப்ஜெக்டின் பண்பில் புது மதிப்பை வைத்தால் ‘இது மாறியிருக்கிறது’ என்று கருவிக்குத் தெரியும். உறுப்பினரின் சாதாரணப் பைத்தான் பட்டியலில் அப்பெண்ட் செய்தால் தெரியாது. கமிட் பிழையே காட்டாமல் முடியும். புத்தகத்தின் மாற்றம் பதிவாகும், உறுப்பினரின் மாற்றம் பதிவாகாது. கரண்ட் போனால் என்ன ஆகுமோ என்று பயந்தோமே, அதே ஓட்டை கரண்ட் போகாமலே வந்துவிட்டது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை நினைவகத்தில் பட்டியல் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

சாதாரணப் பட்டியலுக்குப் பதிலாக ‘பெர்சிஸ்டென்ட்லிஸ்ட்’ வை. இல்லையென்றால், சேர்த்த பட்டியலை அதே பண்பில் மறுபடி ஒதுக்கு.

இரண்டு கவுன்டரில் இருவர் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் பதிந்தால், முதல் கமிட் நிற்கும். இரண்டாவதுக்கு ‘கான்ஃப்ளிக்ட் எரர்’ வரும். அந்தப் பிழையை விழுங்கிவிடாதே. அந்த டிரான்ஸாக்ஷனை அபார்ட் செய்து (கைவிட்டு), புத்தகத்தின் நிலையை மறுபடி படித்து, முதலிலிருந்து முயல வேண்டும். அப்போது அது ஏற்கெனவே போய்விட்டது நிரலுக்கே தெரிந்துவிடும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய். ஒரு புத்தகத்தை இரவல் கொடு, கமிட் செய், நிரலை முழுதாக மூடு. மறுபடி திறந்து அந்த உறுப்பினரின் பட்டியலை அச்சிட்டுப் பார். பட்டியலில் புத்தகம் இல்லையென்றால், எந்த வரியில் அப்பெண்ட் எழுதினாய் என்று தேடத் தொடங்கு.

அன்புடன்,
அண்ணன்