ஒரு துளியா, ஒரு கரண்டியா?

மழை விட்ட காலை நேரத்தில் தெருவில் நிற்கும் கார்களின் முகப்பு விளக்குகளைக் கூர்ந்து பாருங்கள். சிலவற்றில் மூடியின் உட்புறம், வாயால் ஊதிய கண்ணாடி போல மங்கியிருக்கும். மூடியிலோ ஒரு கீறலும் இராது. பின் ஈரம் எப்படி உள்ளே போயிற்று?

விளக்கும் ஒரு வகையில் மூச்சு விடுகிறது! கூட்டினுள் 3 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அணைந்திருக்கையில் வெப்பநிலை 27 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 300 கெல்வின். எரியும்போது அது 350 கெல்வினை எட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் விதிப்படி 3 லிட்டர் காற்று மூன்றரை லிட்டராகும். கூடு விரியாதே! அரை லிட்டர் காற்று வெளியேறத்தான் வேண்டும். இதற்காகத் தயாரிப்பாளர்களே பின்புறத்தில் சிறு காற்றுத் துளைகள் வைக்கிறார்கள். விளக்கு ஆறியதும் வெளிக்காற்று அவ்வழியே திரும்பி வரும். நீராவியும் கூடவே வரும்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான். எனவே, நீராவியால் பூரிதமான காற்று இவ்வளவு குளிர்ந்தால், நமது 3 லிட்டரிலிருந்து படியும் நீர் 0.04 கிராம். ஒரு சிறு துளி! அது மூடியெங்கும் பரவி நிற்பதுதான் அந்த மங்கல். விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டால் மறைந்துவிடும். எல்.இ.டி. விளக்குகள் முன்பக்கம் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. ஆகவே சற்றுத் தாமதமாகும்.

விளக்கின் அடியில் ஒரு கரண்டி நீர் தேங்கியிருந்தால் கதை வேறு. இது மூச்சில் வந்த நீரன்று. எங்கோ ஓட்டை இருக்கிறது. பல்பை மாற்றியபின் சரியாகப் பொருத்தாத ரப்பர் மூடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, முகப்பு மூடியும் கூடும் ஒட்டிய விளிம்பு. எரிந்து சூடான விளக்கோடு கார் வெள்ளத்தில் இறங்கினால், உள்காற்று சட்டெனச் சுருங்கி விரிசல் வழியே நீரை உறிஞ்சும். வெயிலில் சூடான காலிப் பாட்டிலை நீரில் கவிழ்த்துப் பாருங்கள், நீர் மேலேறுவது தெரியும்.

இந்த நீரை அப்படியே விடலாகாது. பிரதிபலிப்பானின் மெல்லிய அலுமினியப் பூச்சு கெட்டுவிடும். ஒளி சிதறி, இரவில் சாலை சரியாகத் தெரியாது. மெக்கானிக் விளக்கைக் கழற்றி, காற்றுத் துளைகளைத் தற்காலிகமாக அடைத்து, விளிம்பில் சோப்புக் கரைசல் தடவி, உள்ளே மெதுவாகக் காற்றை ஊதுவார். குமிழி கிளம்பும் இடமே ஓட்டை. பிறகு பல்பை எடுத்துவிட்டு, கூட்டை நன்றாக உலர்த்தி, அதன்பின்தான் பசையிட வேண்டும். அவசரப்பட்டு முதலில் பசை பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சிலர் காற்றுத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். இது வேண்டாத வேலை!

உங்களுக்கு ஒரு கணக்கு: 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 9.4 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 30 டிகிரியில் பூரிதமான அதே 3 லிட்டர் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் எவ்வளவு நீர் படியும்?