ஸ்டியரிங் ஆட்டம்: ராக்கை மாற்றும் முன் கையை வைத்துப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. ஸ்போக் வீல் வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரிவதில்லை. எம்40 சாலையில் 60 மைல் வேகத்தைத் தொட்டதும் நேர்கோட்டில் போக மறுக்கிறது. ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. ஒரு மெக்கானிக் ராக் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார். இன்னொருவர், 50 வருட வண்டி இப்படித்தான் இருக்கும் என்கிறார். டயரில் பட்டன் நிறைய இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

— வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: இரண்டாமவர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் ஸ்டியரிங் பாக்ஸ் வைத்த கார்களில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் எம்ஜிபி 1962இல் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்தே ராக் அண்ட் பினியன் வண்டி. நல்ல நிலையில் உள்ள எம்ஜிபியில் விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டால் சக்கரம் உடனே பதில் சொல்லும். இரண்டு விரல் அகலம் சும்மா சுற்றுகிறது என்றால் எங்கோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது, அல்லது கழன்றுகொண்டிருக்கிறது. அது என்னவென்று தெரியும்வரை மோட்டார்வேயில் ஏற வேண்டாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை அழுத்திச் சொல்கிறேன். 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு பிரிட்டனில் 2018 மே முதல் எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. விலக்கு வந்ததோடு, ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்க இருந்த ஒரே ஆளும் இல்லாமல் போய்விட்டார். விரும்பினால் இப்போதும் சோதனைக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோங்கள்.

முதலாமவர் சொன்ன ராக் தேய்மானம் நடக்காததல்ல. ஆனால் என் அனுபவத்தில் சந்தேகப் பட்டியலில் அது கடைசியில் வர வேண்டியது. புது ராக் போட்ட பிறகும் அதே ஆட்டத்தோடு திரும்பி வரும் வண்டிகள் ஏராளம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. ஸ்டியரிங் சும்மா சுற்றுவது ஒன்று. ஓடும்போது வண்டி அலைவது மற்றொன்று. முதல் குறை இரண்டாவதை உண்டாக்கும். ஆனால் அலைச்சலுக்கு டயர், பின் ஸ்பிரிங், அலைன்மென்ட் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் முதலில் ஆட்டத்தைப் பிடிப்போம்.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, உதவிக்கு ஒருவர் வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். சக்கரத்தைத் தூக்கிவிட்டால் தரையின் பிடிமானம் போய்விடும். தேய்ந்த இடமும் சேர்ந்து நகர்ந்து ஒளிந்துகொள்ளும். உதவியாளர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அந்த இரண்டு விரல் அளவுக்கு மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் காலத்தின் (column) அடி முனை ராக்கின் பினியனோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. அதன் இரு பக்கமும் விரலை வையுங்கள். மேல் பாதி நகர்ந்து கீழ்ப் பாதி ஒரு கணம் தாமதித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். எம்ஜிபியில் இது அடிக்கடி தேயும். காலமும் ராக்கும் சரியாக ஒரே சீரில் அமையாத வண்டியில் புது ஜாயின்ட்டும் சீக்கிரம் போய்விடும். எனவே மாற்றும்போது சீரமைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும்.

அங்கே சுத்தமாக இருந்தால் ராக்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ராக் குழாய் பக்கவாட்டில் நகரவே கூடாது. நகர்ந்தால் அதைக் கிராஸ்மெம்பரோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். அந்தக் கிராஸ்மெம்பரே ரப்பர் பட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது; எண்ணெய் பட்டு அவை கூழாகியிருந்தால் முன்பக்கம் முழுவதும் சேர்ந்து அசையும். அடுத்து ராக்கின் முனையில் இருக்கும் ரப்பர் உறையைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே பால் ஜாயின்ட் டக்கென்று தட்டுவது விரலுக்குத் தெரியும். உறை கிழிந்திருந்தால் உள்ளிருந்த எண்ணெய் ஒழுகிப்போயிருக்கும். கடைசியாக, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டை ராட் எண்ட். கண்ணை நம்பாதீர்கள். அழுக்குப் படிந்த ஜாயின்ட்டில் கண்ணுக்குத் தப்பும் அசைவைக் கை உணர்ந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் ஜாக்கி. வண்டியை ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் கையைக்கூட நீட்ட வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின் அல்லது அதன் புஷ்.

வீல் பேரிங் என்று தெரிந்தால் நட்டை இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அனுமதிக்காதீர்கள். எம்ஜிபியில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே ஒரு ஸ்பேசரும் மெல்லிய ஷிம்களும் உண்டு. ஆட்டத்தை ஷிம் மாற்றித்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும், நட்டை முழு முறுக்குக்கு இறுக்க வேண்டும். ஸ்பேசரைத் தூக்கி எறிந்துவிட்டு, நவீன வண்டி போல லேசாக இறுக்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டப் ஆக்சிலுக்கு வலு சேர்ப்பது அந்த ஸ்பேசர்தான். அது இல்லாமல் ஓட்டினால் ஆக்சில் வளைந்து வளைந்து களைத்து விரிசல் விடலாம்.

கிங் பின் என்றால் கொஞ்சம் செலவு இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். இன்றைய கார்களில் எல்லாம் மூடிய ஜாயின்ட்டுகள் என்பதால் கிரீஸ் கன்னையே தொடாத பட்டறைகள் பெருகிவிட்டன. பழைய வண்டிகளின் கிங் பின் சாவது பெரும்பாலும் இப்படித்தான். சக்கரத்தைத் தூக்கி வைத்து அடித்தால்தான் பாரம் விழும் பக்கத்துக்கும் கிரீஸ் போகும். புஷ் மாற்றினால் வெண்கலத்தை ரீமர் போட்டு அளவுக்குக் கடைய வேண்டும்; அந்தக் கருவி எல்லோரிடமும் இல்லை. புஷ் போட்டுத் தயாராக வரும் ஸ்டப் ஆக்சிலைப் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது நல்லது.

மேல்புறத்தில் ஆட்டம் தெரிந்தால் இன்னொன்றையும் பாருங்கள். எம்ஜிபியில் முன் ஷாக் அப்சார்பர்தான் மேல் கை. அதன் உள்ளே இருக்கும் அச்சு தேய்ந்தால் சக்கரத்தின் தலைப்பக்கம் முழுவதும் ஆடும். எண்ணெய்க் கசிவோடு சேர்ந்து ஆட்டமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீழ்க் கையின் ரப்பர் புஷ்கள் மலிவானவை, பிதுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். உங்களுடையது ஸ்போக் வீல் என்பதால், பிரேக்கை அழுத்தி வைத்துச் சக்கரத்தைச் சுழலும் திசையில் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். க்ளிக் என்று கேட்டால் ஹப்பின் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது.

இனி அலைச்சல். டயரில் பட்டன் இருப்பது பாதிக் கதைதான். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அன்றே கழற்றிவிடுங்கள். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் கார்களில் டயர் தேய்ந்து போவதில்லை, காய்ந்து இறுகிப் போகிறது. அப்படி இறுகிய டயரில் எந்த ஸ்டியரிங்கும் மந்தமாகத்தான் இருக்கும்.

பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும், காலை எடுத்தால் மறுபக்கமும் வண்டி இழுக்கிறதா? அப்படியானால் லீஃப் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்களையும், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகளையும் பாருங்கள். பின் ஆக்சில் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும் வண்டியில் முன்பக்கம் எவ்வளவு செலவழித்தாலும் குணமாகாது.

எல்லா ஆட்டமும் போன பிறகே அலைன்மென்ட். முன் சக்கரங்கள் 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர்வரை உள்நோக்கி இருக்க வேண்டும். தேய்ந்த ஜாயின்ட்டுகளை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு பட்டறை வாசலைத் தாண்டும்போதே மாறிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் மிஞ்சினால் ராக்கைத் திறக்கலாம். ராக் தேய்வது நேராக ஓடும் நடுப்பகுதியில்தான். அந்த நடு ஆட்டத்தைப் போக்க ஷிம்களைக் குறைத்து இறுக்கினால், தேயாத ஓரங்களில் ஸ்டியரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும். திருப்பத்துக்குப் பின் தானாக நேருக்கு வராது. அந்த நிலைக்கு வந்த ராக்கை மாற்றத்தான் வேண்டும். அப்போது உங்கள் முதல் மெக்கானிக் சொன்னது சரியாகிவிடும்.

கேள்வி: ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் கனத்துவிட்டது, திருப்பும்போது முன்பக்கம் முனகுகிறது. கிரீஸ் அடித்தால் போதுமா?

— வாசகி, கோவென்ட்ரி

பதில்: கிரீஸ் வேண்டாம். ஸ்பிட்ஃபயரில் கிங் பின் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ் முனை மரையாக வெட்டப்பட்டு, ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டையில் திருகி நிற்கிறது. திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்குத் தேவை இபி90 கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் முழுதாக இறங்காமல் வழியை அடைத்துவிடும். உள்ளே ஈரம் தங்கித் துருவேறும். ஒரு நாள் தண்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். முனகல் கேட்கும் நிலையில் ஆயில் ஊற்றிச் சமாளிக்காமல், இரு பக்கமும் கழற்றி மரையில் துருவோ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்டையும் ட்ரனியனையும் சேர்த்தே மாற்றுங்கள். அதுவரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.