இட்டேரி வேலியின் பயன்

கொடுமுடியில் காவிரிக்கரையை விட்டு மேற்கே செல்வோர், மஞ்சளும் கரும்பும் விளையும் பாசன நிலங்களைக் கடந்து புன்செய்க் காடுகளை அடைவர். அக்காடுகளினிடையே, இருபுறமும் உயிர்வேலி சூழ, வண்டியும் கால்நடையும் செல்லும் குறுகிய பாதைகளைக் கொங்கு நாட்டார் இட்டேரி என்பர். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இவ்வேலிகள் இந்நாளில் விரைவாக அழிந்துவருகின்றன. பல ஆண்டுகள் வளர்ந்த வேலியை இயந்திரத்தால் ஒரே நாளில் வேரோடு பெயர்த்தெறிந்து, கற்கால் நட்டுக் கம்பி கட்டுவது வழக்கமாகிவிட்டது. இதனால் நேரும் நஷ்டத்தைக் குடியானவர்கள் ஆராய்ந்து பார்த்தல் அவசியம்.

இவ்வேலியில் முதன்மையானது முள்கிளுவை. அதனிடையே வெள்வேலும் வேம்பும் ஓங்கி நிற்கும். பிரண்டை, கோவை, முடக்கத்தான் முதலிய கொடிகள் மேலே படரும். கற்றாழை அடியில் வளரும். வெள்வேலின் நெற்று, மேய்ச்சல் குறைந்த கோடையில் ஆடுமாடுகளுக்கு நல்ல தீனியாகும். வேலி காற்றின் வேகத்தைத் தணிக்கும். மழைநீர் மேல்மண்ணை அடித்துச் செல்லாமல் தடுக்கும்.

இவற்றினும் பெரிய பயன் வேறொன்றுண்டு. ஆந்தையும் கீரியும் சாரைப்பாம்பும் வேலியில் தங்கி எலிகளைத் தின்கின்றன. கரிச்சான் புழுபூச்சிகளைப் பிடிக்கின்றது. தேனீக்கள் வேலிப் பூக்களில் தேனுண்டு, பக்கத்துக் காட்டில் எள் பூக்குங்கால் அங்கும் சென்று மகரந்தம் பரப்புகின்றன. கூலியின்றி உழைக்கும் இவ்வேலையாட்களின் குடியிருப்பே இட்டேரி. குடியிருப்பை அழித்தபின் அவற்றின் வேலையை மருந்து தெளித்து நாமே செய்ய நேரிடுகின்றது. மயில்கள் பெருகிப் பயிரைப் பாழாக்குகின்றன என்று இந்நாளில் எங்கும் முறையிடக் கேட்கிறோம். மயில் முட்டைகளைத் தின்றுவந்த குள்ளநரி, புதரும் வேலியும் அழிந்ததனால் அருகிப்போனதே இதற்கு ஒரு காரணமென்று முதிய குடியானவர் பலர் கூறுவர்.

வேலி நிலத்தை விழுங்குகிறது என்பது பொதுவான ஆட்சேபம். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சதுரமான 5 ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1,870 அடி. வேலியின் அகலம் 3 அடி என்றும், அதிற் பாதி அடுத்த நிலத்தாருடையது என்றும் கொண்டால், நாம் விடும் நிலம் சுமார் 6½ சென்ட். அதாவது நூற்றில் 1¼ பங்கு. வேலியோரப் பயிர் நிழலாற் சற்றுக் குன்றுவதும் உண்மையே. ஆண்டுதோறும் கவாத்துச் செய்தால் அக்குறை பெரிதும் நீங்கும்.

உயிர்வேலியைப் பேணும் முறை வருமாறு:

1. இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில் முற்றிய கிளுவைப் போத்துகளை வெட்டி, ஓரடி ஆழம் பள்ளம் பறித்து, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றுக. சந்து விழுந்த இடங்களையும் இவ்வாறே நிரப்பலாம்.

2. கவாத்துச் செய்யுங்கால் பறவைகள் கூடு கட்டியிருக்கும் பகுதியை விட்டுவைக்க. வேலிக்குத் தீயிடுதல் கூடாது.

3. சீமைக்கருவேல் முளைத்தால் சிறு செடியாயிருக்கும்போதே வேரோடு களைக.

ஒருவர் தம் வேலியைக் காத்து அடுத்தவர் அழித்தால் பயன் பாதியாகும். ஆதலின் இது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம். இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோட்டில், ஏரிக்கு வரும் பறவைகள் வெருளாதிருக்கும்பொருட்டுச் சுற்றுப்புறக் கிராமத்தார் தீபாவளியிலும் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வேரியிலுள்ள பறவைகள் சரணாலயம் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. சிறுவர்க்குரிய மகிழ்ச்சியையும் பறவைகளுக்காக விட்டுக்கொடுத்த ஊரார் நம்மவரே.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் எல்லைத் தகராறு வருங்கால், வேலியைப் பெயர்க்குமுன் இருதரத்தாரையும் அழைத்து, எல்லைக்கல்லை மட்டும் நட்டு வேலியை நிலைநிறுத்த முயல்வாராக. பொதுப்பாதையான இட்டேரி ஆக்கிரமிக்கப்படாமற் காத்தலும் அவர்கள் கடமையே. பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை ஒருமுறை இட்டேரி வழியே அழைத்துச்சென்று, அங்குள்ள செடிகொடி பறவைகளின் பெயர்களை ஊர்ப் பெரியோர் வாயிலாக அறியச் செய்தல் நலம். கம்பிவேலியை எந்த நாளிலும் விலைக்கு வாங்கலாம். முதிர்ந்த உயிர்வேலியை எவ்விலைக்கும் வாங்க இயலாது.