ஒரே திசையில் அடிக்கும் நீர்

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் மென்பவளங்கள் வளர்க்கிறேன். அலை பம்பு ஒன்று ஓயாமல் ஓடுகிறது. ஆனாலும் ஒரு பக்கப் பவளம் சுருங்கிக்கொள்கிறது. மறு பக்கம் அழுக்கு படிகிறது. பெரிய பம்பு வாங்கட்டுமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: வாங்க வேண்டாம். அதே வலு இரண்டு சிறிய பம்புகளாகப் பிரிந்தால் போதும்.

பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மூச்சும் உணவும் கழிவும் அதைக் கடந்துதான் போய்வர வேண்டும். நீர் சுழன்று கலைந்தால் அந்தப் படலம் மெலியும். ஒரே திசையில் பீய்ச்சி அடித்தால் பவளத்தின் முன்புறத் திசு நைந்துபோகும், பின்புறம் கழிவு தேங்கும். உங்கள் தொட்டியில் நடப்பது இதுதான்.

கடலின் பவளப் பாறைத்திட்டில் நீர் போகும், நிற்கும், திரும்பி வரும். இந்த அசைவைத் தொட்டியில் கொண்டுவரவே ஹவாயின் வைகிகி அக்வேரியத்தைச் சேர்ந்த புரூஸ் கார்ல்சன், வாளியில் நிரம்பும் நீரைச் சைஃபன் மூலம் குபீரெனத் தொட்டிக்குள் கொட்டவைக்கும் அமைப்பை உருவாக்கினார். அழகான யோசனை. ஆனால் இரைச்சலும் குமிழும் அதிகம், அடுக்குமாடி வீட்டுக்குச் சரிப்படாது.

இரு பம்புகளையும் எதிரெதிர்ச் சுவர்களில் பொருத்தி, கன்ட்ரோலர் மூலம் மாறி மாறி ஓடவிடுங்கள். முகப்பைப் பவளத்துக்கு நேராக வைக்காமல் முன்கண்ணாடியை நோக்கிச் சாய்த்தால், நீர் மோதிச் சிதறிப் பரவும். ஒன்றைச் சற்று மேல்நோக்கித் திருப்பினால் நீர்மட்டம் நெளிந்து ஆக்சிஜன் கரையும். மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டியளவைப்போல் 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதுமானது. அதாவது, இரண்டும் சேர்ந்து 2,000 முதல் 4,000 லிட்டர். இரவில் வேகத்தைக் குறைக்கலாம், முழுதாக நிறுத்தாதீர்கள்: ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் அப்போதுதான் ஆக்சிஜன் குறையும்.